ரசத்தை மட்டும் விட்டுவிட்டு எழுதினாள்

உனக்கு வேறு வேலை இல்லையா, தனம்? காப்பாரில் வீடு, புருஷன், ரெண்டு பிள்ளைகள், கோழிக்கூண்டு என்று எல்லாம் இருக்கிறது. காலையில் பசியாறிவிட்டு அதுகளைக் கவனிப்பதை விட்டுவிட்டு, நான் எழுதுகிற பத்திரிகைக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறாய். பவுனு பெரியம்மா எல்லாக் கதையும் எழுதுகிறார், கிள்ளான் வீடு போன கதையை மட்டும் தாண்டிப் போகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறாய். தாண்டிப் போகிறவளைப் போக விடுவதுதானே. காலைப் பிடித்து இழுப்பானேன்?

உன் அம்மா அஞ்சலை சாகும்வரை அந்த லாயர் பொண்ணைத் திட்டிக்கொண்டே இருந்தாள் என்றும் எழுதியிருக்கிறாய். நம் நாலு வீட்டில் என் ஒரு வீடுதான் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டுமாம்.

அஞ்சலை இருந்தவரை எனக்கு எழுதக் கை வரவில்லை. இப்போது அவள் இல்லை, எழுதுகிறேன். படித்து முடித்ததும் என் மேல் ஆத்திரம் வந்தால் போய்க் கோழிக்குத் தீனி போடு.

கோட்டு போட்ட ஜோக்கு

அந்தக் கோர்ட்டு அறையில் குளிர் அதிகம். வெளியே வெயிலில் தார் இளகிக் கிடந்தது. உள்ளே நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் நிர்மலா. யுனிவர்சிட்டியில் சட்டம் படிக்கிற பிள்ளை, இருபது இருபத்தொன்று இருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. மடியில் என் கேஸ் ஃபைல். அந்த ஃபைலில் இருந்து மிளகாய்த்தூள் வாசம் வந்துகொண்டிருந்தது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்து லாயர் எழுந்தார். ஒரு தாளை எடுத்து இங்கிலீஷில் வாசித்தார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பின் வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எங்கே யார் சிரித்தாலும் எதற்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நிர்மலாவை முழங்கையால் இடித்து, "என்ன சொல்றான்?" என்றேன்.

அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள். அவளுடையது யாழ்ப்பாணத் தமிழ். அப்பா டாக்டர், வீட்டில் பேசுவது இங்கிலீஷ். அம்மம்மாவிடம் கற்ற தமிழைப் பீங்கான் கோப்பை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பேசுவாள்.

"'தைப்பூசத்தண்டு காணிச் சொந்தக்காரர் ஊரில இல்லாத நேரம் பாத்து, அவரைக் கேளாமல், அவர் திரும்பி வாறதுக்குள்ள வீட்டைக் கட்டி முடிச்சிட்டம்' எண்டு..."

அவள் குரல் அங்கே இறங்கியது.

"...எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள், ஆன்டி."

நான்தான் சொன்னேன். அது என் ஜோக்கு. இப்போது கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து எனக்கு எதிரே நிற்கிறது. ரசத்தை மட்டும் காணோம்.

தவுக்கே பிடித்த வாசக்கால்

தனம், உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. ஆகையால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கிள்ளானில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரக் கம்பெனி இருந்தது. என் வீட்டுக்காரர், உன் அப்பா, இன்னும் இரண்டு பேர் அங்கே லோரி ஓட்டினார்கள். கம்பெனிக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடந்த நிலத்தில் இவர்களை வீடு கட்டிக்கொள்ளச் சொன்னவர் கம்பெனி முதலாளி. பெரிய தவுக்கே என்போம். சீனர். வழுக்கைத் தலை, வெள்ளைப் பனியன், வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. பலகையும் அவரே கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று காலை தவுக்கே வந்தார். வாசக்கால் நிற்காமல் சுவர் எழுப்ப மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். மரத்துக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்கட்டையில் கட்டியிருந்தோம். தூக்கி நிறுத்தும்போது ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் பிடித்தார், மறுபக்கம் தவுக்கே பிடித்தார். கையில் ஒட்டிய மஞ்சளைப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

பிறகு தன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் சிவப்புத் துணியை எடுத்து, எங்கள் மஞ்சள் முடிச்சுக்குப் பக்கத்தில் தானே ஆணி அடித்து மாட்டினார். அவர்கள் வழக்கம் அது.

"லு டூடோக் சினி, சம்பாய் பிலா-பிலா" என்றார். நீ இங்கேயே இரு, எவ்வளவு காலம் ஆனாலும். கூட வந்த, கம்பெனிக் கணக்கு எழுதுகிற கிராணி அதைத் தமிழில் ஒரு தரம் எடுத்துச் சொன்னார், என்னவோ எங்களுக்கு மலாய் தெரியாத மாதிரி.

நாலு வீட்டுக்கும் அப்படித்தான். நாலு வாசலிலும் மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று.

சூராட் எதுவும் யாரும் எழுதவில்லை. வாசக்காலைக் கையால் பிடித்தவரிடம் போய்க் கடிதம் கொடு என்று எப்படிக் கேட்பது? சோறு போட்டவளிடம் ரசீது கேட்ட மாதிரி இருக்கும்.

பெரிய தவுக்கே செத்தார். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ என் வீட்டுக்காரரும் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தவுக்கேயின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வாசக்கால் வைத்தபோது அவர் இந்த நாட்டிலேயே இல்லை. கம்பெனியை மூடினார். நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நாலு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்.

கோர்ட்டுக்கு முதலில் இழுத்தது என்னை. புருஷன் இல்லாதவள், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

மிளகாய் மில்லுக்கு மேலே

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு இலவசமாகக் கேஸ் பார்க்கிறார்கள் என்று கோயிலில் ஒருத்தி சொன்னாள். உன் அம்மாதான் என்னைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டாள். "அக்கா, ஒன் கேஸு ஜெயிச்சா எங்க மூணு வீடும் ஜெயிச்ச மாதிரி" என்றாள். அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

கீழே மிளகாய் மல்லி அரைக்கிற மில். மேலே லாயர் பிள்ளைகள். கடைக்கு முன்னால் அஞ்சடி நடையில் வரிசை நிற்கும்போதே தும்மல் ஆரம்பித்துவிடும். மாடிக்குப் போவதற்குள் கண்ணில் தண்ணீர். அழ வேண்டிய கேஸ், அழத் தேவையில்லாத கேஸ் எல்லாரும் ஒன்றாக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பார்த்து இரக்கப்பட்டார்கள். அங்கே இருந்த ஒவ்வொரு காகிதத்திலும் மிளகாய் வாசம்.

அங்கே முறை என்னவென்றால், பிள்ளைகள் கேட்பார்கள், எழுதுவார்கள். கோர்ட்டில் அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேசுவதற்கு ஒரு பெரிய லாயர் இருந்தார். நல்ல மனுஷர், தமிழ் தெரியாதவர். வருகிற எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவர் விரலே பேனா மாதிரி வளைந்திருக்கும்.

ஒரு பல்லின் கதை

படிக்கிற பிள்ளைகளிடம் போவது எனக்கு அது முதல் தடவை இல்லை. அதற்கு முன்பே ஒரு பல்லைக் கொடுத்திருக்கிறேன்.

பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இலவசமாகப் பல் பிடுங்குகிறார்கள் என்று கோலாலம்பூருக்குப் போயிருந்தேன். ஒரு பையன், மீசை இப்போதுதான் முளைக்கிறது, விளக்கை முதலில் என் கண்ணுக்குள்ளும் பிறகு வாய்க்குள்ளும் திருப்பி எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டான். பயந்திருக்கிறானே என்று, "எல்லாமே வலிக்குது தம்பி, ஒனக்குப் புடிச்சதா பாத்துப் புடுங்கு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கினான். வலித்த பல் இன்னும் மூன்று வருஷம் என்னோடு இருந்தது.

அன்றைக்கே நான் பாடம் படித்திருக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குப் பாடம் அவ்வளவு சுலபமாக ஏறுமா?

பேப்பர் இருக்கோ

நிர்மலா என் எதிரே உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் மார்ஜின் அடித்து வைத்திருந்தாள். என் பெயர், ஐ.சி. நம்பர் எல்லாம் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பிறகு கேட்டாள்.

"வீடு கட்டச் சொல்லி அவர் பேப்பர் ஏதும் தந்தவரோ, ஆன்டி?"

இல்லை என்றேன்.

"சின்னத் துண்டு? ரசீது? கையெழுத்து?"

ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. பேனாவை மூடினாள். எனக்கு எதிரே உட்கார்ந்து யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் என்னால் தாங்க முடியாது. சாவு வீட்டில்கூட வாய் சும்மா இருந்ததில்லை எனக்கு. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அந்த டாக்டர் மகளைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கவும் ஆசை.

"பேப்பராவது கீப்பராவது, லாயரம்மா. தைப்பூசத்துக்குத் தவுக்கே பத்துமலைக்கு வேடிக்கை பாக்கப் போயிட்டாரு. அந்த நேரம் பாத்து அவரு பலகையத் திருடிட்டு வந்து, அவரு திரும்பி வர்றதுக்குள்ள வீட்டக் கட்டி, உள்ள உக்காந்து ரசம் வச்சிட்டோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. பேனாவைத் திறந்தாள்.

"திருப்பிச் சொல்லுங்கோ."

இதைக் கேள் தனம். ஐம்பது வயது வரை என் ஜோக்கைக் கேட்டு எல்லாரும் சும்மா இரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். திருப்பிச் சொல் என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் சொன்னேன். அடுப்பு மூட்டினதையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் ஒவ்வொரு சொல்லாக எழுதினாள். பிறகு மெதுவாக, "பலகை திருடினதை எடுத்துட்டன் ஆன்டி, அது கூடாது. மற்றது நல்லது, எங்களுக்கு நல்லது" என்றாள். நல்லது என்றால் நல்ல ஜோக்கு என்று நான் புரிந்துகொண்டேன்.

அவள் புரிந்துகொண்டது வேறு. இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தில், ஒருவன் நிலத்தில் யாரையும் கேட்காமல் பன்னிரண்டு வருஷம் குடியிருந்துவிட்டால் அந்த நிலம் அவனுடையதாம். முதல் நாள் இரவுதான் பரீட்சைக்குப் படித்திருப்பாள் போல. படித்ததற்கு ஏற்ற மாதிரி பன்னிரண்டு வருஷத்தைத் தாண்டிய ஆள் அடுத்த நாளே மாடிப்படி ஏறி வந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

சரியா அக்கா

தப்பைத் திருத்த எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

டைப் அடித்த காகிதத்தை எடுத்துக்கொண்டு சத்தியம் வாங்கி முத்திரை குத்துகிற ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ்க் கிளார்க் இருந்தார். சத்தியம் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. தோசை மாவு ஊற்றுகிற வேகத்தில் வாசித்துக்கொண்டே போனார். தைப்பூசம் வந்த இடத்தில் நின்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

"சரியா அக்கா?" என்றார்.

இல்லப்பா, அது வெளையாட்டுக்குச் சொன்னது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்திருப்பார். ஆனால் முன்பின் தெரியாத ஆள் சிரித்துவிட்டாரே.

"சரிதான் லா" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அதுதான் கோர்ட்டில் எதிர்ப்பக்கத்து லாயர் வாசித்த தாள். எங்கள் பெரிய லாயர் எழுந்து இங்கிலாந்துச் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தார். நம் நாட்டு நிலச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது, கேட்காமல் உட்கார்ந்தவன் நூறு வருஷம் ஆனாலும் கேட்காமல் உட்கார்ந்தவன்தான் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் சம்மதித்து நீங்கள் கட்டியிருந்தால் கதை வேறு, அப்படி இல்லை என்று நீங்களே சத்தியம் செய்திருக்கிறீர்கள் என்றார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

வெளியே நடையில் பெரிய லாயர் நிர்மலாவைத் திட்டினார். குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்க்காமல். அவள் தலை குனிந்து நின்றாள். அவர் போன பிறகு, தன்னைத் திட்டியதையும் எனக்குத் தமிழில் சொன்னாள், ஒரு வரி விடாமல். அது என் கேஸாம். எனக்குத் தெரிய வேண்டுமாம்.

அவர் திட்டும்போது அந்த நடையில் மூன்று பேர்தான் நின்றோம். அது ஜோக்கு என்று தெரிந்தவள் அதில் ஒருத்தி. அவள் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

வாசலில் நின்றவள்

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் நிர்மலா பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தாள், மன்னிப்புக் கேட்க. ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்த மாதிரி. என் கேஸை ஏழு மாதம் எழுதினவள் என் வீட்டைப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கால் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்ன ஆன்டி? மஞ்சள் எங்கட. இந்தச் சிவப்பு?"

சொன்னேன். தவுக்கே பிடித்தது, ஆணி அடித்தது, கிராணி கூட நின்றது, சம்பாய் பிலா-பிலா, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பேப்பர் இருக்கான்னுதானேம்மா கேட்ட. வாசக்கால் யாரு புடிச்சான்னு கேக்கலியே."

"அப்ப அந்தத் தைப்பூசக் கதை?"

"அது சும்மா. நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்த. சிரிக்கட்டும்னு சொன்னேன்."

அவள் ஆரஞ்சுப் பையை வாசற்படியில் இறக்கி வைத்தாள்.

"நான் சிரிக்கேல்லையே, ஆன்டி" என்றாள்.

அழவில்லை. மிளகாய் மில் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உன் வீட்டு வாசலை, அடுத்த வீட்டு வாசலை, அதற்கடுத்ததை எட்டி எட்டிப் பார்த்தாள். நாலிலும் சிவப்புத் துணி வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்கட கேஸ் முடிஞ்சுது. சத்தியம் பண்ணினதை இனி மாத்த ஏலாது. ஆனா அவையள் இன்னும் ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை. அந்தக் கிராணி இருக்கிறாரோ?"

இருந்தார். இப்போது நீ இருக்கிற அதே காப்பாரில்தான், மகள் வீட்டில். உன் வீட்டுக்கு அப்பால் ரெண்டு தெரு.

"அப்ப சனிக்கிழமை மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்த முறை நான் முதல்ல வாசலைப் பாத்திட்டு எழுதுறன்."

சரி என்றேன். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஜன்னல் வழியாகவும் விரலால் காட்டினாள், மூன்று பேர் என்று.

அவள் அந்த வருஷத்தோடு மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிள்ளானிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. அந்தப் பிள்ளைகள் கேஸைக் கெடுத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் நீ நாலு பக்கம் எழுதிக் கேட்டதற்குப் பதில்.

பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தபோது யோசித்தேன். இவர்களைக் கூட்டிப் போனால் அவள் என் ஃபைலைத் திறப்பாள். அஞ்சலை கேட்பாள், ஏன்க்கா அப்படிச் சொன்னே என்று. அதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்கலாம். ஆனால் இன்னொன்று இருந்தது. மூன்று மாதம் கழித்து என் வாசக்காலைப் பிடுங்கிப் போடுவார்கள். பக்கத்தில் மூன்று வாசக்கால் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும். அதை நான் எங்கேயோ ஒரு பிளாட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று பேரும் தண்ணீர்க் குழாயடியில் காத்திருந்தார்கள். அஞ்சலை குடத்தை இறக்கி வைத்தாள். நீ அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"என்னாக்கா சொல்லிட்டுப் போறா லாயர் பொண்ணு?"

"என்னா சொல்லுவா. நான் ஒண்ணு சொல்ல அவ ஒண்ணு எழுதிட்டா, அதுக்கு அரை டஜன் ஆரஞ்சு. பல்லு புடுங்கப் பழகுனவன் நல்ல பல்லப் புடுங்குனான், கேஸு பழகுனவ நல்ல வீட்டப் புடுங்கிட்டா."

சிரித்தார்கள். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு மிச்சத்தையும் சொல்லத் தைரியம் வந்தது.

"சனிக்கிழமை ஒங்களையும் வரச் சொன்னா. நான் வர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். பழகிக்கிறதுக்கு என் ஒருத்தி வீடு போதும்டி."